கடைக்கால் தோண்டும் வரை கத்தரிக்காய்

பீர்க்கன்கரணையில் இன்னும் பல தெருக்களில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு காலி மனையைப் பார்க்கலாம். பேரூராட்சியாக இருந்த ஊர், 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. மனை விலை எங்கேயோ போய்விட்டது. ஆனாலும் வாங்கியவர்கள் எல்லோரும் உடனே வீடு கட்டிவிடுவதில்லை. பெண்ணின் கல்யாணம், பையனின் படிப்பு, பேங்க் லோன் என்று தள்ளிக்கொண்டே போகும். அதுவரை அந்த மனையில் சீமைக்கருவேலம் வளரும். அக்கம்பக்கத்தில் இடித்த சுவரும் உடைந்த டைல்ஸும் வந்து சேரும். மழை பெய்தால் கொசு இலவசம்.

அப்படிப்பட்ட ஒரு மனைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறார் அந்த அம்மா. வயது 64. செய்யாறு பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகி வந்த நாள் முதல் ரயில்வே குவார்ட்டர்ஸ், வாடகை வீடு, கடைசியாக அரை கிரவுண்டில் சொந்த வீடு. சொந்த வீட்டில் மண் உண்டு, வெயில் இல்லை. முன்னால் ஒரு தென்னை, பின்னால் ஒரு மாமரம், நடுவில் கறிவேப்பிலை. மரங்களின் நிழலில் வெண்டைச் செடி ஆளுயரம் வளர்ந்து நான்கே காய் காய்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம், காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து வரை வெயில் வீணாய்க் காய்ந்துகொண்டிருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை மனையின் சொந்தக்காரர் வருவார். பொக்லைன் வைத்துப் புதரை அள்ளுவார், காசு கொடுத்துவிட்டுப் போவார். ஒரு ஆனி மாதம் அவர் வந்திருந்தபோது அம்மா மோர் கொடுத்தார். அப்படியே கேட்டுவிட்டார்.

"தம்பி, நீங்க கட்டற வரைக்கும் இங்க கொஞ்சம் காய்கறி போட்டுக்கட்டுமா? புதர் மண்டாது, உங்களுக்கும் பொக்லைன் செலவு மிச்சம்."

அவர் தயங்கினார். தயங்கத்தானே செய்வார்! அடுத்தவர் நிலத்தில் 12 வருடம் இருந்துவிட்டால் சொந்தம் கொண்டாடலாம் என்ற பயம் மனை வாங்கிப்போட்ட எல்லோருக்கும் உண்டு. சட்டத்தில் அந்த 12 வருடக் கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால், அது சொந்தக்காரரை மீறி இருப்பவருக்கான கணக்கு. அவர் அனுமதியோடு இருப்பவர் அப்படி உரிமை கோர முடியாது. அந்த அம்மாவின் கணவர் ஒரு வெள்ளைத்தாளில், 'உங்கள் அனுமதியின் பேரில் தற்காலிகமாகத்தான்; எப்போது கேட்டாலும் காலி செய்து தருகிறோம்' என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் சொந்தக்காரர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"மரம் மட்டும் வெச்சிடாதீங்க ஆன்ட்டி."

"முருங்கைக் குச்சி கூட ஊன்ற மாட்டேன்பா."

இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. நாளைக்கு நம்முடையது இல்லை என்று தெரிந்த மண்ணில் எதைப் போடுவது? நம் ஊரில் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் நினைப்பது வாழை, முருங்கை, பப்பாளி. வாழை தார் போட்டு வெட்ட ஒரு வருடம் ஆகும். சேனை எட்டு, ஒன்பது மாதம். பூசணி மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதற்குள் மனை முழுவதையும் பட்டா போட்டுக்கொள்ளும் பேராசைக்காரக் கொடி அது. இரவல் நிலத்துக்கு இவை சரிவராது. நாள் கணக்குப் பார்த்துத்தான் விதை எடுக்க வேண்டும். சிறுகீரை, வெந்தயக்கீரை என்றால் 25 நாள் போதும். முள்ளங்கிக்கு ஒன்றரை மாதம். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கி இன்னொரு ஒன்றரை மாதம் தரும். கத்தரிக்குப் பொறுமை வேண்டும்: நாற்று ஒரு மாதம், நட்டபின் இரண்டு மாதம், அதன்பிறகுதான் பறிப்பு.

இலங்கையில் 2022-ல் பொருளாதாரம் படுத்து, சாப்பாட்டுக்கே கஷ்டம் வந்தபோது, அரசாங்கம் ஒரு விநோதமான விடுமுறை அறிவித்தது. அரசு ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு, வீட்டுத்தோட்டம் போட! மூன்று மாதத்தில் கத்தரி அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கும். கீரை போட்டவர்கள் வீட்டில் குழம்பே கொதித்திருக்கும்.

அந்த அம்மா இரண்டையும் கலந்து போட்டார். முதல் வேலை மண்ணை மனிதர் தொடும்படி ஆக்குவது. ஒரு வாரம் கணவனும் மனைவியும் சிமென்ட் கட்டி, கண்ணாடித்துண்டு, பாலிதீன் பை என்று பொறுக்கினார்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் செப்டிக் டேங்க் கசிவு வரும் மூலையை அப்படியே விட்டுவிட்டார்கள். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயர்ந்து மனை பள்ளமாகிவிட்டதால், பாத்தியை ஒரு அடி உயரத்துக்கு மேடாகக் கட்டினார்கள். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆடியில் நட்ட கத்தரி புரட்டாசியில் காய்த்தது. அவரையில்தான் அந்த அம்மாவின் கெட்டிக்காரத்தனம். விதையைச் சுவருக்கு உள்ளே, தன் வீட்டு மண்ணில் போட்டார். பந்தலை மட்டும் அந்தப் பக்கம் மனைமேல் போட்டார். வேர் நம் வீட்டில், வெயில் அவர் வீட்டில்!

"ஊரான் நிலத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு எரு?" என்று மகன் போனில் கேட்டான். பால்காரரிடம் வாங்கிய சாணமும் சருகும் மூட்டை மூட்டையாய் உள்ளே போயிருந்தன. "இருபது வயசுக்கு அப்புறம் இப்பத்தான்டா சேத்துல கால் வெக்கிறேன்" என்றார். அவன் அதற்குமேல் பேசவில்லை.

கார்த்திகை முதல் வாரத்தில் போன் வந்தது. லோன் சாங்ஷன் ஆகிவிட்டது, தை பிறந்ததும் பூமி பூஜை. கத்தரி அப்போது நல்ல காய்ப்பில் இருந்தது. அவரை பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டு அவர் நேராகப் போய்ப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி சாப்பிடவில்லை. "தெரிஞ்சுதானே போட்டோம்" என்றார் கணவர். தெரிந்திருந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

மறுநாள் காலண்டரை எடுத்து எண்ணினார். மார்கழியில் யாரும் வீட்டுவேலை தொடங்க மாட்டார்கள். ஆக, ஐம்பது நாளுக்குமேல் இருக்கிறது. வெண்டை பிடுங்கிய இடத்தில் உடனே சிறுகீரை தூவினார். அது முடிந்ததும் வெந்தயக்கீரை. அடுத்த பாத்திக்கு வைத்திருந்த கத்தரி நாற்று சிமென்ட் சாக்குகளுக்குப் போனது.

போகிக்கு முந்தின வாரம், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பாத்தியின் மேல்மண்ணை வழித்து அள்ளினார்கள். எப்படியும் பொக்லைன் அதை வாரித்தான் கொட்டப் போகிறது. முப்பது சாக்கு. ஈர மண் பொல்லாத கனம். மாடிக்கு ஏற்ற வேண்டாம் என்று சுவரோரம் அடுக்கினார்கள். அவரைப் பந்தலைப் பிரித்துக் கொடியைச் சுவர்மேல் இழுத்தபோது பாதி ஒடிந்துவிட்டது. மீதிப் பாதி பொங்கல் கூட்டுக்குக் காய் கொடுத்தது. காய்த்துக்கொண்டிருந்த பழைய கத்தரிச் செடிகளைப் பிடுங்க மட்டும் அவர் வரவில்லை, கணவர்தான் செய்தார்.

இப்போது அங்கே கடைக்கால் முடிந்து பில்லர் எழும்பிவிட்டது. மூலையில் தகரக் கொட்டகை போட்டு வாட்ச்மேன் குடும்பம் தங்கியிருக்கிறது. ஒருநாள் அந்தப் பெண் சுவரோரம் வந்து நின்றாள்.

"அம்மா, செங்கல் அடுக்கின பக்கத்துல கொஞ்சம் எடம் இருக்கு. மேஸ்திரி ஒரு மாசத்துக்கு அந்தப் பக்கம் வரமாட்டாராம். வெண்டை விதை இருந்தா குடுங்களேன்."

"ஒரு மாசம்னா வெண்டை வேணாம்மா" என்றபடி அந்த அம்மா உள்ளே போய் டப்பாவைத் திறந்தார். "சிறுகீரை தரேன். இன்னிக்கே தூவிடு."