மஸ்கட்டில் 28 நாட்கள்

"நீயும் பிள்ளைங்களும் இங்கேயே வந்துடுங்களேன்!" என்று என் வீட்டுக்காரர் ஃபோனில் சொன்னபோது அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் ஓமன் நாட்டின் தலைநகரான மஸ்கட்டில், ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்து இரண்டரை வருஷமாகிறது. அறையில் இன்னும் இரண்டு பேரோடு தங்கியிருந்தார். குடும்பத்தை அழைத்துப் போகிற பேச்சே அதுவரை வந்ததில்லை. இப்போது சம்பளம் கூடியிருக்கிறதாம், குடும்ப விசாவுக்குக் கம்பெனி சம்மதித்துவிட்டதாம்.

திருச்சி உறையூரில் எங்கள் வீட்டில் நான், மாமியார், எட்டாவது முடித்த மகள், மூன்றாவது முடித்த மகன். அத்தைக்கு 74 வயது. சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு, பேரன் பேத்தி என்றால் உயிர். இந்தக் கூட்டைக் கலைப்பது எப்படி? ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று மே மாத லீவில் விசிட் விசா எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கரூரிலிருந்து நாத்தனார் வந்து அத்தைக்குத் துணை இருந்தார்.

"மே மாசத்திலயா போறே? அனல் அடிக்குமே! டிசம்பர்ல போயேன், ஜம்முனு இருக்கும்" என்றார்கள் தெரிந்தவர்கள். பெண் பார்க்க வருகிற அன்று எந்த வீடுதான் சுத்தமாக இருக்காது? குடித்தனம் செய்யப் போகிறவள் மற்ற நாட்களில் அந்த வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? மே மாதத்தில் போனதே நல்லதாயிற்று என்று இப்போதும் சொல்வேன்.

சென்னையிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம்கூட இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் பழுப்பு நிறத்தில் மொட்டை மலைகள், ஒரு புல் பூண்டு கிடையாது. அந்த மலைகளின் காலடியில் வெள்ளை வெள்ளையாய் வீடுகள். துபாய் மாதிரி வானத்தை முட்டும் கட்டடங்கள் இங்கே இல்லை. எல்லாம் உயரம் குறைவாக, வெள்ளையும் சந்தன நிறமுமாக இருக்கின்றன. அகலமான ரோடு, குப்பை இல்லை, ஹார்ன் சத்தம் இல்லை. "அம்மா, ஊர்ல ஆளே இல்லையா?" என்று கேட்டான் என் மகன். உண்மைதான், பகலில் தெருவில் மனிதர்களைப் பார்ப்பதே அபூர்வம். வெயில் அப்படி. வெளியே வேலை செய்கிறவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மத்தியானம் 12.30லிருந்து 3.30 வரை வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

திருச்சிக்காரிக்கு வெயில் புதிதா என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முதல் நாள் காலையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன், கை வெந்துவிட்டது! தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் இருப்பதால் கோடையில் குழாயில் வருவதெல்லாம் வெந்நீர்தான். ராத்திரியே வாளியில் பிடித்து வைத்து ஆறவிட்டுக் குளித்தோம்.

ரூவி என்ற பகுதியில் ஒரு சின்ன ஃபிளாட்டை ஒரு மாதத்துக்கு எடுத்திருந்தார். நம்மவர்கள் நிறைய இருக்கிற இடம். கீழே இறங்கினால் இட்லி மாவு, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கிறது. ஆனால் விலையைப் பார்த்ததும் மனசு தானாகப் பெருக்கத் தொடங்கிவிடும். ஒரு ரியால் நம் காசில் 200 ரூபாய்க்கு மேல். ரியாலுக்குள் 1000 பைசா. "இப்படிப் பெருக்கிக்கிட்டே இருந்தா நீ ஒரு வாய் சாப்பிட மாட்டே" என்று இவர் சிரித்தார்.

அறையிலிருந்து அவர் கொண்டுவந்திருந்த பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்கியது நான்தான். ஊறுகாய் பாட்டில் நாலு, அப்பளக் கட்டு, நூடுல்ஸ் பாக்கெட், ஒரு தட்டு, ஒரு டம்ளர். சட்டைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால் மாத்திரை அட்டைகள். பேரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் அத்தை சாப்பிடுகிற அதே ரத்தக் கொதிப்பு மாத்திரை. சில அட்டைகளில் நடுவில் நடுவில் பிரிக்காமலே இருந்தன.

சாயந்திரம் அவர் வந்ததும் டப்பாவை எடுத்து முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரு வருஷமா சாப்பிடறேன். சொன்னா நீ அங்கே உட்கார்ந்து அழுவே, வேறென்ன செய்வே?" என்றார். தலை சுற்றல் வந்து டாக்டரிடம் போனபோது 160க்கு 100 இருந்ததாம். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் மாத்திரையை விட்டுவிடுவாராம்! ராத்திரி ஊறுகாயும் குப்பூஸ் ரொட்டியும். அந்த ஊறுகாய் நான் போட்டு அனுப்பியதுதான். "நம்ம வீட்டு ருசியாவது இருக்கட்டும்" என்று கூடுதல் உப்புப் போட்டு, கெடாமல் இருக்க நல்லெண்ணெய் ஊற்றிக் கட்டிக் கொடுத்த ஊறுகாய்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அதுவரை என் கணக்கில் அத்தை ஒரு தட்டிலும் பிள்ளைகளின் படிப்பு இன்னொரு தட்டிலும் இருந்தன. இவரை எந்தத் தட்டிலும் நான் வைத்திருக்கவில்லை. பணம் அனுப்புகிறார், ஃபோனில் சிரிக்கிறார், நன்றாக இருக்கிறார் என்றே இருந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவள் போல் இல்லாமல், அங்கேயே குடியிருப்பவள் போல் இருந்து பார்த்தேன். இவர் ஏழரைக்குப் போய்விடுவார். அப்புறம் ஐந்து மணி வரை நான், நாலு சுவர், ஏ.சி. சத்தம். பால்காரன் இல்லை, பூக்காரி இல்லை, வாசலில் கோலம் போட மண் இல்லை. கார் ஓட்டத் தெரியாதவளுக்கு இது கஷ்டமான ஊர். பஸ் உண்டு, டாக்ஸி உண்டு, ஆனால் வெயிலில் நடந்து போய் ஏறுவதற்குள் போதும் என்றாகிவிடும். வேலைக்குப் போகலாமே என்றால், குடும்ப விசாவில் வந்தவர்கள் அப்படியே போய்ச் சேர முடியாது, விசாவை மாற்றியாக வேண்டும்.

எதிர் ஃபிளாட்டில் மார்த்தாண்டத்துக்கார அம்மா ஒருவர். 14 வருஷமாக அங்கே இருக்கிறார். ஒருநாள் கப்பைக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நல்ல ஊருதான். பொம்பளைப் பிள்ளைங்க பயமில்லாம போய் வரலாம். ஆனா எங்க அப்பா இறந்தப்ப அன்னைக்கு டிக்கெட் கிடைக்கல. நான் போனப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. நாலு மணி நேரம்தானேன்னு சொல்லிக்கிட்டு வராதீங்க" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். முதல் வெள்ளிக்கிழமை சாயந்திரம் மத்ரா கடற்கரைக்குப் போனோம். பழைய துறைமுகம், மலையையொட்டி வளைந்து போகும் கடற்கரைச் சாலை, எதிரிலேயே பழைய கடைவீதி. சந்து சந்தாக உள்ளே போகிறது. நுழையும்போதே சாம்பிராணி வாசனை ஆளைத் தூக்குகிறது. இது நம் கம்ப்யூட்டர் சாம்பிராணி இல்லை, 'லுபான்' என்கிறார்கள். நாட்டின் தெற்கே தோஃபார் பகுதியில் வளரும் மரத்தைக் கீறி எடுக்கிற பிசின். வெண்மையும் இளம்பச்சையுமாக இருப்பதுதான் உசத்தி. மண் தூபக்காலில் போட்டு வீடு முழுக்கக் காட்டுகிறார்கள், துணிமணிக்கும் காட்டுகிறார்கள். அத்தைக்குக் கால் கிலோ வாங்கினேன். கட்ச் பகுதியிலிருந்து வந்த நம் நாட்டு வியாபாரிகள் பல தலைமுறையாக இந்த ஊரில் கடை வைத்திருக்கிறார்கள். பழைய மஸ்கட்டில் சிவன் கோயிலும் தார்சைட்டில் கிருஷ்ணன் கோயிலும் இருக்கின்றன. சிவன் கோயிலில் கண்ணை மூடி நின்றபோது, மனசு தாயுமானவர் சந்நிதிக்குப் போய்விட்டது.

2001ல் திறந்த சுல்தான் காபூஸ் பெரிய மசூதியையும் பார்த்தோம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் காலையில் நம்மையும் அனுமதிக்கிறார்கள். பெண்கள் தலையை மூடிக்கொண்டு, கை கால் தெரியாமல் உடுத்திப் போக வேண்டும். தொழுகைக் கூடத்தில் விரித்திருக்கும் ஒற்றைக் கம்பளம் 21 டன் எடை! ஈரான் நாட்டில் 600 பேர் நெய்து முடிக்க நாலு வருஷம் ஆயிற்றாம். ஒரு ஸ்வெட்டர் பின்னி முடிக்க மூன்று குளிர்காலம் எடுத்துக்கொண்டவள் நான். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

என் மனசைத் தொட்ட இடம் நிஜ்வாதான். மஸ்கட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். பெரிய வட்டக் கோட்டை, அதைச் சுற்றிப் பேரீச்சந்தோப்பு. அந்தப் பாலைவனத்தில் தோப்பு எப்படி வந்தது? மலையடியில் ஊறும் தண்ணீரைப் பூமிக்கடியிலும் மேலுமாக வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். 'ஃபலஜ்' என்று பெயர். மோட்டார் கிடையாது, சரிவிலேயே ஓடிவருகிறது. ஓமனில் இப்படி இன்றும் சுமார் 3000 வாய்க்கால்கள் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நிஜ்வாவில் உள்ள ஃபலஜ் தாரிஸ் அதில் ஒன்று. முதலில் குடிக்க, பிறகு குளிக்க, கடைசியில்தான் தோப்புக்கு. தோப்புக்காரர்கள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அந்தக் காலத்தில் பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து நேரம் கணக்கிட்டார்களாம். எங்கள் அப்பா லால்குடிப் பக்கம் வாய்க்கால் முறைக்காக ராந்தல் எடுத்துக்கொண்டு நடுராத்திரியில் போனவர். குனிந்து அந்தத் தண்ணீரில் கை வைத்தேன். 'இங்கேயும் மனுஷர்கள் நம்மைப் போலத்தான் பிழைக்கிறார்கள்' என்று ஒரு தெம்பு வந்தது.

பள்ளிக்கூடம் விஷயம்தான் கழுத்தைப் பிடித்தது. மஸ்கட்டில் 1975லிருந்தே இந்தியப் பள்ளி இருக்கிறது, இப்போது பல இருக்கின்றன, சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். ஆனால் அந்தப் பாடத்திட்டத்தில் பத்தாவது பரீட்சைக்கு ஒன்பதாவதிலேயே பெயரைப் பதிந்துவிடுகிறார்கள். நேராகப் பத்தாவதில் சேர்ப்பது சுலபமில்லை. ஆக, என் மகள் இந்த வருஷம் ஒன்பதாவதில் சேர வேண்டும், இல்லாவிட்டால் பத்தாவது முடித்து ப்ளஸ் ஒன்னுக்குத்தான். ஏப்ரலிலேயே பாடம் தொடங்கிவிட்டது. ஒரு பள்ளியில் இடம் இருந்தது. பத்து நாளில் பதில் சொல்லச் சொன்னார்கள். பத்தே நாள்!

ராத்திரி இவரும் நானும் நோட்டுப் போட்டுக் கணக்கெழுதினோம். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், வேன், கரண்ட் பில். இப்போது ஊருக்கு வருகிற பணத்தில் பாதிதான் மிஞ்சும். வீட்டுக் கடன் நாலு வருஷம் என்பது ஏழாகும். சம்பளத்துக்கு இப்போதைக்கு வருமான வரி இல்லை. 2028லிருந்து வரப்போகிற வரியும் வருஷத்துக்கு 42,000 ரியாலுக்கு மேல் வாங்குகிறவர்களுக்குத்தானாம், நமக்கு அந்தக் கவலை வராது! ஆனால் ஒன்று, அங்கே இருக்கிற உரிமையே வேலையோடு ஒட்டியது. உள்ளூர்க்காரர்களுக்கே வேலை என்று பல பதவிகளை ஒதுக்கி வருகிறார்கள், அது அவர்கள் நியாயம். வேலை போனால் வீடு, ஸ்கூல் எல்லாம் கூடவே போகும். ஆறு மாதச் செலவைத் தனியே வங்கியில் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

காகிதம் தயார் செய்வது தனிக் கூத்து. கல்யாணச் சான்றிதழ் வேண்டுமாம். எங்கள் கல்யாணம் 2008ல் வயலூர் முருகன் சந்நிதியில் நடந்தது. பதிவு செய்யவே இல்லை. தமிழ்நாட்டில் பதிவைக் கட்டாயமாக்கியது 2009ல்தானே! பத்திரிகையையும் ஃபோட்டோவையும் தேடி எடுத்து, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துச் சார்பதிவாளர் ஆபீசில் போய் நிற்க வேண்டும். சகோதரிகளே, போகிற எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை மட்டும் முதலில் முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில், பிறப்புச் சான்றிதழில், கல்யாணச் சான்றிதழில் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த நாட்களில் இவருக்குத் தினமும் மாத்திரையை நானே கையில் கொடுத்தேன், சமையலில் உப்பைக் குறைத்தேன், அப்பளத்தை நிறுத்தினேன். சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் இருவரும் நடந்தோம். கிளம்புவதற்கு முன் பார்த்தபோது 138க்கு 88. மாத்திரையை நிறுத்தக் கூடாது, இப்படியே தொடருங்கள் என்றார் டாக்டர்.

ஊருக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை டப்பாவை மட்டும் மறைத்தேன். மகன் போட்டு உடைத்துவிட்டான். அத்தை வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "அவன் அங்கே தனியா உட்கார்ந்து மாத்திரை முழுங்கறான். நான் இங்கே நாலு பேரை வச்சுக்கிட்டு முழுங்கறேன். யாருக்குத் துணை வேணும்னு நீயே சொல்லு" என்றார்.

"உங்களை விட்டுட்டு எப்படி அத்தை?"

"என்னை விசா எடுத்துக் கூப்பிட்டாலும் வரமாட்டேன். அந்தக் கொதிக்கிற தண்ணியில யார் குளிக்கறது!"

நாத்தனார் மகளுக்கு இந்த வருஷம் திருச்சியில் காலேஜ். ஹாஸ்டலுக்குப் பதில் பாட்டியோடு இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அத்தையின் டாக்டர் நம்பர், மாத்திரை நேரம், தெரு முனை மெடிக்கல் ஷாப் நம்பர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பத்தாவது நாள் பள்ளிக்குச் சம்மதம் சொன்னோம். என் மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுடைய சிநேகிதிகளெல்லாம் இங்கே. அதைச் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை, பேசாமல் அவள் தலையைப் பின்னிவிட்டேன்.

இப்போது வீட்டில் மூட்டை கட்டுகிற வேலை. இரும்பு தோசைக்கல் உண்டு, ஊறுகாய் கிடையாது. குழம்புப் பொடி அரைத்தாயிற்று. குருமா மசாலாவில் மட்டும் கசகசா சேர்க்கவில்லை. வளைகுடாவில் பல நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள், மறந்தும் கொண்டுபோய்விடாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை அத்தை லுபானைத் தணலில் போட்டு வீடு பூராவும் காட்டினார். "நம்ம குந்திரிக்கம் மாதிரிதான் இருக்கு" என்றார். பிறகு அடுக்களைக் காலண்டரை என்னிடம் நீட்டி, "இங்கே எட்டரைன்னா அங்கே எத்தனை மணி?" என்று கேட்டார்.

"ஏழு, அத்தை."

வாங்கி, கரித்துண்டால் காலண்டர் அட்டையில் தானே எழுதிக்கொண்டார்.