எஸ்டீமும் 256 கட்டங்களும்

நவம்பர் 9

நான்கு த்ராட்டில் பாடிகளும் எஞ்சினில் ஏறிவிட்டன. ஜப்பானியப் பெரிய பைக் ஒன்றிலிருந்து கழற்றியவை. ஆவாரம்பாளையம் லேத் பட்டறையில் அலுமினியத் தட்டு வெட்டி, துளைபோட்டு, எஸ்டீம் காரின் ஹெட்டோடு இணைத்தாயிற்று. 1298 சிசி, 16 வால்வு. பானெட்டைத் திறந்தால் நான்கு வாய்களும் வரிசையாக நிற்பது பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் கம்பெனி கம்ப்யூட்டருக்கு இனி இந்த எஞ்சின் புரியாது.

காரணம் எளிது. ஒரே த்ராட்டிலும் ஒரு பொது மேனிஃபோல்டும் இருந்தவரை, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தால் எவ்வளவு காற்று போகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். இப்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வாய். ஐட்லிங்கில் அழுத்தம் நிலையாக நிற்காமல் துடிக்கிறது. பெடலைக் கால்வாசி மிதித்தாலே வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டிவிடுகிறது. அதற்குமேல் கால்வாசிக்கும் முழுசுக்கும் சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது. அழுத்தத்தை விட்டுவிட்டு, த்ராட்டில் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது, எஞ்சின் என்ன சுற்றில் ஓடுகிறது என்ற இரண்டை மட்டும் வைத்து பெட்ரோல் அளக்க வேண்டும். இதற்கு ஆல்ஃபா-என் என்று பெயர். கம்பெனி பெட்டியில் அது கிடையாது.

(வண்டி ரோட்டில் ஓடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் விடாது, விடவும் கூடாது. ட்ராக்குக்கு டோயிங் வண்டியில்தான் போகும்.)

நவம்பர் 13

எந்தக் கம்ப்யூட்டர் என்று பேசிப் பேசியே ராத்திரிகள் போகின்றன.

பிக்கிபேக் வேண்டாம். பெங்களூரின் பவர்ட்ரானிக் போன்றவை கம்பெனி கம்ப்யூட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உட்கார்ந்து சிக்னலைத் திருத்துபவை. அடிப்படைக் கணக்கு சரியாக இருக்கும் வண்டிக்கு அது நல்ல, சிக்கனமான வழி. இங்கே அடிப்படையே போய்விட்டது, ஸ்டாண்டலோன்தான்.

ஸ்டாண்டலோன் என்றதும் நண்பர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுகிறார்கள். ஹால்டெக், மோடெக் இரண்டும் அங்கே எண்பதுகளில் தொடங்கியவை. நியூசிலாந்தின் லிங்க் இன்னொன்று. மூன்றும் அருமையான பெட்டிகள். நாக் கண்ட்ரோல், டேட்டா லாகிங், ட்ராக்ஷன் கண்ட்ரோல் என்று பட்டியல் நீளும். இறக்குமதி வரியோடு வந்து சேரும்போது பெட்டியின் விலை பழைய எஸ்டீமின் விலையைத் தாண்டிவிடும். விலையைக்கூட விடலாம். இந்த எஞ்சின் கேட்பது நான்கு இன்ஜெக்டர், இரண்டு காயில், ஒரு ஃபேன், ஒரு ஃப்யூயல் பம்ப். அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் தாமே செய்துகொள்ளும் வகை. அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ இருவரும் உருவாக்கிய மெகாஸ்குவர்ட் அதில் மூத்தது. ஆஸ்திரேலியரான ஜோஷ் ஸ்டூவர்ட் தொடங்கிய ஸ்பீடூயினோ பின்னால் வந்தது. மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு வாங்கும் அதே அர்டுயினோ மெகா போர்டுதான் அதன் மூளை. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8-பிட் சிப். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் 7000 சுற்றில்கூட எஞ்சினுக்கு ஒரு முழுச் சுழற்சி முடிய 17 மில்லிசெகண்ட் ஆகிறது. சிப்பின் கணக்கில் அது நிறைய நேரம்.

மெக்கானிக் அண்ணன் கேட்டது வேறு. “பேரு பெருசா இருந்தாப் போதுங்களா தம்பி? ட்ராக்குல நின்னுபோச்சுன்னா யாருக்குப் போன் போடுவீங்க?”

நவம்பர் 16

நண்பர் ஒருவரின் சிவிக்கைப் பார்க்கப் போனேன். வெளியூர் டியூனர் ஒருவர் விலையுயர்ந்த பெட்டியைப் போட்டு, டியூன் செய்து, பாஸ்வேர்ட் பூட்டும் போட்டுவிட்டார். இப்போது அவர் தொழிலையே விட்டுவிட்டார். ஃபேன் எத்தனை டிகிரியில் ஓட வேண்டும் என்ற ஒரே ஒரு எண்ணை மாற்றக்கூட நண்பரால் முடியவில்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டி அவர் காரிலேயே வேறொருவருக்குச் சொந்தமாக உட்கார்ந்திருக்கிறது.

ஸ்பீடூயினோ என்று முடிவு செய்துவிட்டேன். சர்க்யூட் படம் திறந்தே கிடக்கிறது. பகலெல்லாம் பம்ப் கண்ட்ரோலர் போர்டுகளோடு மல்லுக்கட்டுபவன் நான். இன்ஜெக்டரை ஓட்டும் ட்ரான்சிஸ்டர் எரிந்தால் உள்ளூரிலேயே வாங்கி மாற்றிவிடலாம். சால்டரிங் அயர்ன் தொடாதவருக்கு இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். தன் ஊர் டியூனருக்கு எந்தப் பெட்டி கைவந்ததோ அதை வாங்குவதுதான் அவருக்கு நல்லது, அது எந்தப் பிராண்டாக இருந்தாலும்.

நவம்பர் 29

கிராங்க் புல்லியில் 36-1 சக்கரம். முப்பத்தாறு பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இல்லை. அந்த இடைவெளியை வைத்துத்தான் எஞ்சின் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். ஸ்பார்க், பெட்ரோல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எஞ்சின் ஓடியது. 4500 சுற்றைத் தாண்டியதும் இருமல். லாகில் பார்த்தால் சிங்க், அதாவது சக்கரத்தின் கோணத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துவைத்திருப்பது, போய்ப் போய் வருகிறது. சென்சாரை மாற்றினோம், பல்லுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்தோம், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய அண்ணன் மேலே எழுதியிருந்த எண்ணைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதில் ‘ஆர்’ என்ற எழுத்து இல்லை; உள்ளே ரெசிஸ்டர் இல்லாத வகை. அதன் ஒவ்வொரு பொறியும் ரேடியோ அலையாகப் பரவி சென்சார் கம்பிக்குள் நுழைகிறது. இல்லாத பல் ஒன்றைக் கம்ப்யூட்டர் எண்ணிவிடுகிறது. ரெசிஸ்டர் பிளக் போட்டு, சென்சார் கேபிளைக் காயில் கம்பியிலிருந்து ஒதுக்கி, ஷீல்டை கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் எர்த் செய்ததும் 7000 வரை ஒரு பிசிறும் இல்லை.

பிறகு டைமிங் லைட். மென்பொருளில் ஸ்பார்க்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, லைட்டில் புல்லிக் குறியும் 10-ஐக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை ஏற்றினாலும் குறி நகரக் கூடாது. இதைச் சரிபார்க்காமல் டைனோவில் ஏற்றுபவர்கள் உண்டு. திரையில் 28 என்று இருக்கும், எஞ்சினுக்குள் 36 நடக்கும். பிஸ்டன் உடைந்த பிறகு கம்ப்யூட்டரைத் திட்டுவார்கள்.

டிசம்பர் 6

பெட்ரோல் அட்டவணை 16-க்கு 16. மொத்தம் 256 கட்டம். இக்னிஷனுக்கு இன்னொரு 256. வாங்கும்போது எல்லாம் வெற்றாகத்தான் வரும். கம்பெனிப் பெட்டியில் இவற்றை ஒரு பொறியாளர் கூட்டம் வருடக்கணக்கில் உட்கார்ந்து நிரப்பியிருக்கும். அதை நாம் கழற்றிப் பழைய சாமானோடு வைத்துவிட்டோம்.

எக்ஸாஸ்டில் வைட்பேண்ட் சென்சார், போஷ் எல்எஸ்யூ 4.9. இதன் கேஜைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 14.7 என்று காட்டினால் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று எல்லோரும் நினைக்கிறோம். சென்சார் அளப்பது விகிதத்தை அல்ல, லாம்டாவை. காற்றும் எரிபொருளும் மிச்சமில்லாமல் எரியும் அளவு லாம்டா 1. கேஜ் அதைச் சுத்த பெட்ரோலின் 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ-20. அதன் சமநிலை ஏறக்குறைய 13.5. அதாவது, சுத்த பெட்ரோலை மனதில் வைத்து எழுதிய அட்டவணையை அப்படியே போட்டால், எஞ்சினுக்கு 8, 9 சதவீதம் எரிபொருள் குறையும். ஃபுல் த்ராட்டிலில் அது பிஸ்டனைச் சுடும் குறைவு. அதனால் கேஜை லாம்டாவுக்கே மாற்றிவிட்டேன். நிதான ஓட்டத்துக்கு 1, முழுவேகத்துக்கு 0.87. எத்தனால் எவ்வளவு கலந்தாலும் இந்த இரண்டு இலக்கும் மாறாது.

டிசம்பர் 13

டைனோ. ரோலரில் ஏற்றி, கயிறு கட்டி, பெரிய ஃபேனை முன்னால் வைத்து ஒரு பகல்.

முதலில் ஸ்பார்க்கைப் பின்னால் வைத்து பெட்ரோலை நேர் செய்தோம். பிறகு டிகிரி டிகிரியாக ஸ்பார்க்கை முன்னே கொண்டுவந்தோம். ஒரு கட்டம் வரை ஒவ்வொரு டிகிரிக்கும் டார்க் கூடுகிறது. அதற்குப் பிறகு கோடு அசையவில்லை. அங்கேயே நிறுத்திக்கொண்டோம். அதற்கு மேல் கொடுக்கும் டிகிரியில் லாபம் இல்லை, ஆபத்து மட்டும் உண்டு. எஞ்சின் பிளாக்கில் செப்புக் குழாய் ஒன்றை போல்ட் போட்டு, அதிலிருந்து ரப்பர் ட்யூப் வழியாகக் காதடைப்பானுக்குச் சத்தம் வரும்படி செய்திருந்தார் அண்ணன். நாக்கிங் வந்தால் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினாற்போல் கேட்கும். ஒரு தடவை கேட்டது. உடனே இரண்டு டிகிரி பின்னால் எடுத்துவிட்டோம்.

சாயங்காலத்துக்குள் பவர் வந்துவிட்டது. கிராஃபைப் போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. இந்த வேலையிலேயே சுலபமானது இதுதான் என்பதை யாரும் நம்பமாட்டார்கள்.

டிசம்பர் 20

மார்கழி. காலை ஆறு மணிக்கு எஞ்சின் தண்ணீர் 19 டிகிரி. ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி இறங்கும்வரை சுற்றினேன்.

குளிரில் பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. எத்தனால் இன்னும் மோசம். அதனால் ஸ்டார்ட் செய்யும்போது கூடுதல் எரிபொருள், ஓடத் தொடங்கியதும் சில விநாடிக்கு வேறு அளவு, சூடாகும்வரை இறங்கிக்கொண்டே வரும் மூன்றாவது அளவு. போதாக்குறைக்கு, ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் விழுகிறது. வோல்டேஜ் குறைந்தால் இன்ஜெக்டர் திறக்கவே கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்கும் ஒரு அட்டவணை.

இதில் கொடுமை என்னவென்றால், ஒரு நாளைக்கு ஒரு குளிர் ஸ்டார்ட்தான். ஒரு எண்ணை மாற்றி, ஸ்டார்ட் செய்து, சரியில்லை என்றால் எஞ்சின் சூடாகிவிட்டது. மறுநாள் விடியும்வரை காத்திருக்க வேண்டும். டைனோவில் ஒரு பகலில் முடிந்தது, இங்கே மாதக்கணக்கில் இழுக்கும். எதிர்வீட்டு அம்மா பால் வாங்க வரும் நேரமும் இதுவும் ஒன்றாகிவிட்டது. “இன்னைக்கு ஆச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

அவர் வீட்டு 2005 மாடல் ஆல்டோவின் சாவியைத் திருப்பினால் உடனே ஓடுகிறது. ஊட்டிக்குப் போனாலும், சித்திரை வெயிலில் நின்றாலும் அப்படித்தான். அதைச் செய்து வைத்தவர்களை ஒரு நாளும் நினைத்ததில்லை நான்.

ஜனவரி 3

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர் ட்ராக், பந்தயக்காரரும் வண்டி வடிவமைப்பாளருமான கரிவரதன் பெயரில் இருப்பது. வளைவில் த்ராட்டிலை விட்டு மறுபடி மிதிக்கும்போது ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. பெடல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்த்து ஒரு சொட்டு கூடுதலாக ஊற்றும் கணக்கை ஏற்றினோம். மதியம் தயக்கம் போய்விட்டது. ஆட்டோடியூனை ஓடவிட்டால் அதுவே கட்டங்களை நிரப்பும் என்பார்கள். நிதான ஓட்டத்தில் நிரப்பும், நன்றாகவே. இப்படிக் காலை விட்டு விட்டு மிதிக்கும் இடங்களில் அது கற்றுக்கொள்வது பெரும்பாலும் தப்பு, அணைத்து வைத்தோம்.

ஜனவரி 11

இருங்காட்டுக்கோட்டை, 3.717 கிலோமீட்டர். கிளம்புமுன் எனக்குக் கவலை ட்ராக்கைப் பற்றியல்ல, காற்றைப் பற்றி. கோவை கடல்மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கு மேல். கோவையில் எஞ்சின் நிற்கும்போது அழுத்த சென்சார் 96, 97 கிலோபாஸ்கல் காட்டும். இருங்காட்டுக்கோட்டை இருக்கும் சென்னைப் பக்கம் 101. காற்று அடர்த்தி நாலைந்து சதவீதம் கூடுகிறது. த்ராட்டிலை மட்டும் பார்த்துக் கணக்குப் போடும் நம் ஆல்ஃபா-என்னுக்கு அது தெரிய வழியே இல்லை. கோவையில் 0.87-க்கு எழுதிய அட்டவணை அங்கே 0.91-இல் ஓடும். அதனால் சாவி போட்டதும், எஞ்சின் சுழலும் முன், சென்சாரைப் படித்து அன்றைய காற்றழுத்தத்துக்குத் திருத்திக்கொள்ளும் வசதியைப் போன வாரமே இயக்கிவிட்டேன். ஓட்டத்தில் பயன்படாத அந்தச் சென்சாருக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது. முதல் சுற்றில் நேர்க்கோட்டின் கடைசியில் கேஜைப் பார்த்தேன்: 0.87, சில இடத்தில் 0.88.

அடர்ந்த காற்றுக்குக் கொஞ்சம் பவரும் கூடியிருக்கும். நேர்க்கோட்டில் அது தெரிந்த மாதிரி இருந்தது, ஆசையாகவும் இருக்கலாம்.

பிட்டில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது எஞ்சின் முக்கியது. லாகில் காரணம் இருந்தது. வெளியே வெயில் முப்பது டிகிரி. உள்ளே வரும் காற்றின் வெப்பம் 58 என்கிறது சென்சார். ஹெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கிக்கொண்டு, காற்றே அப்படித்தான் என்று சொல்கிறது. சூடான காற்று லேசானது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கிறது. அண்ணன் சென்சாரை கிரில் ஓரம் கொண்டுபோகச் சொல்கிறார். இப்போதிருக்கும் கம்பி அதுவரை எட்டாது. திங்கட்கிழமை இரண்டு மீட்டர் கேபிளும் ஒரு வாட்டர்ப்ரூஃப் கனெக்டரும் வாங்க வேண்டும்.