பெயின்ட் படக்கூடாத இடம்

தூத்துக்குடி சார்பு நீதிமன்றத்தில் வாதி தரப்பில் நான் நடத்திய பணவசூல் வழக்கு அது. சாயர்புரத்தில் பட்டறை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி, நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றுக்கு எஃகு கர்டர்கள் செய்து கொடுத்திருந்தார். ஒப்பந்ததாரர் கடைசி பில்லை நிறுத்திவிட்டார். கர்டர் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் முகங்களில் துரு இருந்ததாம். ரெட் லெட் பெயின்ட் அடித்துத் தரச் சொன்னதற்கு அண்ணாச்சி மறுத்தாராம். துருவைச் சுரண்டிய செலவும் தாமத நஷ்டமும் பில்லில் கழிந்துவிட்டனவாம்.

பார்வைக்கு இது தோற்கும் வழக்கு. உப்பளக் காற்று வீசும் மாவட்டத்தில் துரு என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் அண்ணாச்சி வரைபடத்தின் ஓரக் குறிப்பைக்கூட எழுத்தெண்ணிப் படிப்பவர். "வக்கீலய்யா, பெயின்ட் அடிச்சா பாக்க அழகாத்தான் இருக்கும். ஆனா வழுக்கும்லா" என்றார். வழக்கு முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருந்தது.

பாலத்தின் நீளத்துக்கு ஒரே கர்டரைச் செய்து லாரியில் ஏற்ற முடியாது. துண்டுகளாகச் செய்து, தளத்தில் முனையோடு முனை வைத்து, இருபுறமும் தகடு கொடுத்து போல்ட்டால் முடுக்குவார்கள். 1943-ல் திறந்த ஹௌரா பாலத்தின் காலத்தில் இந்த வேலையை ரிவெட் செய்தது. பழுக்கக் காய்ச்சி அறைந்த ரிவெட் துளையை நிறைத்துக்கொள்ளும். இன்றைய உயர் இழுவிசை உராய்வு போல்ட் அப்படியில்லை. 24 மி.மீ. போல்ட்டுக்கு 26 மி.மீ. துளை, சுற்றிலும் இடைவெளி. குறித்த அளவுக்கு முடுக்கினால் 8.8 தர போல்ட் சுமார் 20 டன் விசையோடு தகடுகளை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் இரண்டு எஃகு முகங்களுக்கு நடுவே பிறக்கும் உராய்வுதான் லாரியின் பாரத்தைத் துண்டிலிருந்து துண்டுக்குக் கடத்துகிறது.

அந்த உராய்வுக்கு ஓர் எண் உண்டு. எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 800, 2007-ல் திருத்தி வெளியிடப்பட்டது. அதன் அட்டவணைப்படி, எஃகுக் குண்டோ குருணையோ பீய்ச்சிச் சுத்தம் செய்து, உதிரும் துருவை நீக்கிய, குழி விழாத முகத்துக்கு 0.50. ரெட் லெட் பூசிய முகத்துக்கு 0.10. பாதுகாப்புக் கழிவைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், ஒரு முகத்தில் ஒரு போல்ட் 10 டன் தாங்கிய இடத்தில் 2 டன்தான் தாங்கும். நம்முடைய பாலத்தின் கணக்கு 0.50-ஐ வைத்துப் போடப்பட்டது.

எதிர்த்தரப்புத் தளப் பொறியாளரைக் குறுக்கு விசாரணை செய்தபோது அதே அட்டவணையில் வேறு இரண்டு வரிகளைப் படிக்கச் சொன்னேன். மணல் பீய்ச்சிய முகம்: 0.48. மணல் பீய்ச்சியபின் இலேசாகத் துருவேறிய முகம்: 0.52.

"எது அதிகம்?"

"இரண்டாவது."

"அப்படியானால் இலேசான துரு இந்த முகத்துக்குக் குறையா?"

அவர் நீதிபதியைப் பார்த்து, "இல்லை, ஐயா" என்றார். உண்மையைச் சொன்ன அந்த இளைஞர் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சளைக்கவில்லை. கடற்கரைத் துருவில் உப்பு இருக்கும், உப்பு எஃகை அரித்துக் குழி பறிக்கும் என்றார். நல்ல வாதம்; அறிவியலும் அதுதான். ஆனால் குறை இருந்தது என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்; அன்று நடப்பிலிருந்த 1872 சாட்சியச் சட்டத்தின் 101ஆம் பிரிவு அந்தப் பாரத்தை அவர் தலையில் வைத்தது. குழி விழுந்ததற்கு ஒரு புகைப்படமும் அவரிடம் இல்லை. எங்களிடம் பட்டறை நோட்டு இருந்தது: என்று மணல் பீய்ச்சியது, என்று நல்ல தண்ணீரில் கழுவியது, என்று தார்ப்பாய் போட்டு மூடியது என்று எல்லாம் தேதியோடு.

அதைவிட வலுவான சான்றாவணம் ஒரு பதிவுத் தபால். தளத்திலேயே பெயின்ட் அடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டவுடன் அண்ணாச்சி பாலத்தின் வடிவமைப்பாளருக்கு எழுதிய கடிதம் அது. வடிவமைப்பாளர் உடனே தடுத்துவிட்டார். அழைப்பாணையின் பேரில் வந்து, முகங்களுக்குப் பெயின்ட் கூடாது என்பது தம்முடைய குறிப்புதான் என்றும், முடுக்கிய பிறகு வெளிவிளிம்புகளில் பூச்சு கொடுத்து அடைத்தால் உப்புக் காற்று உள்ளே புகாது என்றும் கூண்டில் சொன்னார்.

பெரிய பாலங்கள் இணைப்பில்தான் சோதிக்கப்படுகின்றன. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1967-ல் திறந்த ஐ-35டபிள்யூ எஃகுப் பாலம், 2007 ஆகஸ்ட் 1 அன்று வாகனங்களோடு மிசிசிப்பி ஆற்றில் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். உறுப்புகளைச் சேர்க்கும் சில கஸ்ஸட் தகடுகள், தேவையான கனத்தில் ஏறக்குறையப் பாதியே இருந்தன என்று விசாரணை கண்டது. அந்தக் கணக்குப் பிழை நாற்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை.

எங்களுக்கு வட்டியோடு தீர்ப்பானது. ஆனால் தீர்ப்பு வருவதற்கு வெகு முன்பே பாலம் காப்பாற்றப்பட்டுவிட்டது. காப்பாற்றியது தன் பில்லைப் பணயம் வைத்த ஒரு சிறு பட்டறை. "பணம் வராட்டாலும் போவுது, பெயின்ட் மட்டும் அடிச்சிரக் கூடாது" என்று அவர் சொன்னது வெறும் வார்த்தை இல்லை. அந்தப் பில் நின்றதில் ஆட்களுக்குக் கூலி கொடுக்கவே அவர் திண்டாடினார்.

சொன்னபடி சரியாகச் செய்தவர் நீதிமன்றப் படியேறித்தான் கூலி வாங்க வேண்டும் என்றால், அடுத்தவர் பேசாமல் பெயின்ட் அடித்துவிடுவார். ஆகவே பால ஒப்பந்தம் எழுத வருகிறவர்களிடம் இரண்டு நிபந்தனைகளை விடாமல் சேர்க்கச் சொல்கிறேன். இணைப்பு முகங்களின் நிலையைக் கர்டர் பட்டறை வாசலைத் தாண்டுமுன் இருதரப்பும் புகைப்படத்தோடு பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வரைபடக் குறிப்புக்கு மாறாக யார் எதைச் சொன்னாலும், வடிவமைப்பாளரின் எழுத்து வரும்வரை வேலை நிற்க வேண்டும். அப்படி நின்ற நாட்களுக்குப் பட்டறையின் பணத்தில் கைவைக்கக் கூடாது.