படகுக் கூடத்தில் பதினெட்டு நாள்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

நம் உத்திரமேரூர்ப் பிள்ளைகளுக்கு நீர் என்றால் ஏரிதான். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், சென்ற பருவ விடுமுறையில் கடலுக்குப் போகும் படகு கட்டப் போனேன் என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

புதுச்சேரிக்கு அருகே ஒரு பைபர் படகுக் கூடத்தில் என் தாய்மாமன் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார். "சும்மா வீட்ல உட்காராத மாப்ளே, தேர்வுக் கட்டணத்துக்காவது ஆகும், வா" என்று அழைத்தார். மதுராந்தகம் போய்ப் பேருந்து மாறி, மாலையில் இறங்கினேன். கூடத்தை அடையும் முன்பே ரெசின் நெடி மூக்கில் ஏறியது.

படகு கட்டுவது என்றால் மரத்தை இழைத்து ஆணி அடிப்பது என்று எண்ணியிருந்தேன். அங்கே உளியும் இல்லை, இழைப்புளியும் இல்லை. படகின் வடிவத்தில் ஒரு பெரிய அச்சு மட்டும் தொட்டிபோல் கிடந்தது. அதன் உட்புறத்தில் மெழுகு பூசித் தேய்த்து முகம் தெரியும்படி பளபளப்பாக்க வேண்டும். இல்லையேல் படகு அச்சைவிட்டு வராது. அதன்மேல் வண்ணம் கலந்த ஜெல்கோட் பூசுவார்கள். வீடு கட்டினால் வண்ணம் கடைசியில். பைபர் படகுக்கோ வண்ணம்தான் முதலில்! வெளிப்புறத்தில் தொடங்கி உட்புறம் நோக்கி வளரும் பொருள் அது.

பிறகு கண்ணாடி இழை. கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்து, வெட்டிப் பரப்பிய விரிப்பை 'மேட்' என்பார்கள். பாய்போல் நெய்ததை 'ரோவிங்' என்பார்கள். இவற்றை மாற்றி மாற்றி விரித்து, ரெசினில் நனைத்து, இரும்பு ரோலரால் உருட்டி உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். கெட்டிப்படுவதற்காக ஒரு கிலோ ரெசினுக்கு ஏறத்தாழ 10 முதல் 20 மில்லி கேட்டலிஸ்ட் சேர்ப்பார்கள். வெயில் ஏறினால் அளவைக் குறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் வாளியிலேயே கல்லாகிவிடும். கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துத் தீப்பற்றும் என்பதே மாமா எனக்குக் கற்பித்த முதல் பாடம்.

கட்டுமரம் என்ற நம் சொல்லை உலகமே கடன் வாங்கிக்கொண்டது. ஆனால் அதற்குரிய மரம் அரிதாகிவிட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரையெங்கும் பைபர் படகுகள் பெருகின. பாய்மரக் கப்பலும் இந்த இழையால் உருவாகிறது. கோவாவில் கட்டப்பட்ட 'தாரிணி' என்ற கடற்படைப் பாய்மரப் படகின் உடல், மரத்தோடு கண்ணாடி இழை சேர்ந்தது. 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றி வந்தனர். 2024 அக்டோபரில் புறப்பட்டு 2025 மே மாதம் திரும்பிய இருவரில் ஒருவரான ரூபா, புதுச்சேரிக்காரர். கூடத்தில் இதைச் சொல்லாத ஆள் இல்லை!

இனி என் கதை. பதினோராம் நாள் பிற்பகல். கடும் வெயில். வாளியில் ரெசின் இறுகத் தொடங்கிவிட்டது. அடிப்பகுதி வளையும் இடத்தில் நான் அவசர அவசரமாக ரோலரை ஓட்டினேன். உள்ளங்கை அகலத்தில் ஓரிடம் வெளுத்துத் தெரிந்தது. இழை நனையவில்லை, காற்று தங்கிவிட்டது. சொன்னால் எல்லோரும் நிற்க வேண்டியிருக்குமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த ரோவிங் அதை மூடிவிட்டது.

அந்தப் படகுக்குச் சொந்தக்காரர் தினமும் மாலையில் தம் மகனோடு வந்து பார்ப்பார். கடன் வாங்கிக் கட்டும் படகு. அன்றும் வந்து, அச்சின் விளிம்பைத் தடவியபடி, "தம்பி, நல்லா வந்திருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா வந்திருக்குண்ணே" என்றேன்.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. மறைத்ததைவிட, கேட்டவருக்குச் சொன்ன பதில்தான் உறுத்தியது. விடிந்ததும் மாமாவிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு அச்சுக்குள் இறங்கினார். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனார். 'டங், டங்' என்று கணீரென்று ஒலித்தது, ஓரிடத்தில் 'டொக்' என்றது.

"இங்கதானே?"

"ஆமாம் மாமா."

அவ்விடத்தைச் சுற்றிலும் அகலமாகத் தேய்த்து எடுத்து, புதிதாக இழை வைத்தோம். அன்றைய வேலை முழுதும் கெட்டது. மாமாவே மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார். மாலையில் உரிமையாளரிடம் நானே சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். சொன்னேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாணயத்தை வாங்கி, படகு முழுவதையும் தாமே ஒருமுறை தட்டிப் பார்த்தார். "சரி தம்பி" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவர் மகன் மட்டும் என்னை முறைத்தான். அதுவும் நியாயமே!

பதினெட்டாம் நாள் கூலியோடு ஊர் திரும்பினேன். கைகளில் இழை குத்திய அரிப்பு இன்னும் அடங்கவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து வரும் வழியில் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்தேன். குடவோலைக் கல்வெட்டைத் தேர்வுக்காகப் பலமுறை படித்தவன் நான். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. பத்தாம் நூற்றாண்டில் வெட்டியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது என்கிறது அது. ஏரி வாரியமும் அதில் உண்டு. தேர்வில் இதற்கு நான் முழு மதிப்பெண் எழுதியிருக்கிறேன். ஆனால் அதன் பொருளை அந்தச் சுவரின் முன் நின்ற அன்றுதான் அறிந்தேன்.

நண்பர்களே! அந்தப் படகு இப்போது கடலில் ஓடிக்கொண்டிருக்கும். அதில் நான்கு பேர் போவார்கள். அவர்கள் காலுக்கடியில் என் கைபட்ட இடம் ஒன்று இருக்கிறது. அது 'டங்' என்றே ஒலிக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.