கூமாப்பட்டிச் சிரட்டையும் கல்லறை விளக்கும்

திருவில்லிபுத்தூரிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் சாலையில், கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. அதற்கும் அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் அமைந்திருக்கிறது கூமாப்பட்டி. 2025 ஜூன் மாதத்தில் கைப்பேசிக் காணொளிகளால் இவ்வூரின் பெயர் தமிழகமெங்கும் பரவியது. ஏதோ தனித்தீவு என்று எண்ணிப் புறப்பட்டு வந்தவர்களும் உண்டு. தீவு இல்லை. தென்னந்தோப்பும், நெல்வயலும், மேற்கே பெரியாறு, கோவிலாறு என்னும் இரு அணைகள் சேர்ந்த பிளவக்கலும் உண்டு. (இப்பெரியாற்றை முல்லைப் பெரியாற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கடந்த அக்டோபர் இறுதிச் சனிக்கிழமையன்று நமது பங்கின் மறைக்கல்விச் சிறுவர் பதினால்வரோடு அவ்வூருக்குச் சென்றிருந்தோம். காரணம் இருந்தது. 31ஆம் தேதி 'ஹாலோவீன்' கொண்டாடப் பங்குக் கூடத்தைத் தரவேண்டும் என்று சிறுவர்கள் கேட்டு வந்தனர். கடையில் பிசாசு முகமூடி ஒன்றின் விலை 200 ரூபாயாம். நாம் மறுக்கவுமில்லை, இசையவுமில்லை. "கடைப்பொருள் வேண்டாம், கையால் செய்வோம், அதற்கான பொருள் கூமாப்பட்டியில் கிடைக்கும்" என்று மட்டும் சொன்னோம்.

வழியில், கட்டி முடியாத வீடொன்றின் முகப்பில் திருஷ்டிப் பூசணி தொங்கியது. உருட்டிய விழி, முறுக்கிய மீசை, நீண்ட பல். "இதுதான் சாமி ஹாலோவீன்!" என்று வண்டிக்குள் ஒரே கூச்சல். அவர்கள் சொன்னதில் தவறில்லை. காய்க்கு முகம் வைப்பது பல நாட்டார்க்கும் பழகிய வேலை. அயர்லாந்து மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே நெருப்பு வைத்தார்கள். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அவர்களுள் பெருந்திரளானோர் அமெரிக்கா சென்றனர். அங்கே குடைவதற்கு எளிதான பூசணி, கிழங்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

தோப்புக்காரர் முதியவர், இந்து சமயத்தவர். சிரட்டை வேண்டும் என்றதும் சிரித்தார். "அடுப்புக்குப் போறதுதானே சாமி, வேணுங்கிற மட்டும் அள்ளிக்கோங்க" என்றார்.

அப்போதுதான் அது நடந்தது. முன்னதாகவே முகமூடி வாங்கி மறைத்து வைத்திருந்த ஒருவன், மண்டையோட்டு முகத்தோடு பம்புசெட் அறையின் பின்னிருந்து பாய்ந்தான். எல்லாரும் அலறிச் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. இவ்வாண்டுத் தவக்காலத்தில் தகப்பனாரை அடக்கம் செய்த பிள்ளை அவன், வயது பன்னிரண்டு. வாய்க்கால் வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டான். எவரும் எதுவும் சொல்லவில்லை. முகமூடி பைக்குள் போயிற்று.

பின்னர், வேலையினூடே பேசினோம். ஹாலோவீன் என்ற சொல்லுக்குச் சகல புனிதர் திருநாளின் முந்தின மாலை என்பதே பொருள். 9ஆம் நூற்றாண்டில், பாப்பரசர் நான்காம் கிரகோரியார் காலத்தில், நவம்பர் 1 அத்திருநாளாகப் பரவலாயிற்று. மறுநாளை மரித்தோர்க்கென்று தம் மடங்களில் ஏற்படுத்தியவர், குளூனி மடத்து அதிபர் புனித ஓதிலோ. அது 1000ஆம் ஆண்டையொட்டிய காலம். இங்கிலாந்தில் ஏழைச் சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று, அந்தந்த வீட்டில் இறந்தோர்க்காகச் செபித்து, சிறு பணியாரம் பெற்றுக்கொண்டார்கள். இன்று மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டும் வழக்கத்தில் பணியாரம் மிஞ்சியது. செபம் உதிர்ந்து போயிற்று. நமக்கு வருத்தம் பேய் வேடத்தின்மீது அன்று, அந்த உதிர்வின்மீதுதான்.

செய்முறை எளிது. சிரட்டையின் நாரைக் கண்ணாடிச் சில்லால் பெரியவர்கள் சுரண்டிக் கொடுக்க, பிள்ளைகள் உப்புத்தாளால் தேய்த்தார்கள். ஆணியைக் காய்ச்சித் துளையிடுவதும் பெரியவர் கைவேலையே. துளைகளைச் சிலுவை வடிவில் வரிசைப்படுத்தினால் ஒளி அவ்வடிவிலேயே விழும். அடியில் இரண்டு விரற்கடை ஈரமணல் இட வேண்டும். சிரட்டை நன்றாக எரியும் பொருள், மறந்துவிடலாகாது. அஞ்சுவோர் இளநீர்க் கூட்டைப் பயன்படுத்தலாம். அது பச்சையாக இருக்கும்வரை எளிதில் தீப்பற்றாது. கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளை உருக்கி, பஞ்சுத் திரியிட்டு ஊற்றினோம். குருத்தோலையில் சிலுவைகள் முடைந்தோம்; மிஞ்சிய ஓலை காற்றாடியாகவும் பாம்பாகவும் மாறியதைத் தடுக்க நம்மால் இயலவில்லை. மொத்தச் செலவு 60 ரூபாய்: உப்புத்தாள், பஞ்சு, தீப்பெட்டி.

தேங்காயின் மூன்று கண்களைப் பார்த்த போர்த்துக்கீசிய மாலுமிகளுக்குத் தங்கள் ஊர்ப் பூச்சாண்டியின் முகம் நினைவுக்கு வந்ததாம். அப்பூச்சாண்டிக்கு 'கோக்கோ' என்று பெயர். ஆங்கிலத்தில் தேங்காய்க்கு வழங்கும் 'கோக்கனட்' என்னும் பெயர் அதிலிருந்து வந்ததே. இதைச் சொன்னதும் மூன்று கண்ணுள்ள மூடிகளுக்குப் பெரும் போட்டி!

வரப்பில் இருந்தவன் சற்று நேரத்தில் தானே எழுந்து வந்தான். அவன் சிலுவை கேட்கவில்லை; தகப்பனார் பெயரின் முதலெழுத்தைக் கரியால் எழுதிக் கொடுத்து, அதன்மேல் துளையிடச் சொன்னான். எழுத்து சற்றுக் கோணலாகவே வந்தது. அவனுக்காக வாய்க்காலிலிருந்து மணல் அள்ளி வந்தவன், முகமூடிக்காரன்.

தோப்புக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க புரட்டாசி அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விடுவோம். நீங்க விளக்கு வைக்கிறீங்களாக்கும்" என்றார். பிறகு உள்ளே போய், தம் மனைவியார் நட்டு வளர்த்த செண்டுமல்லியில் ஒரு கூடை பறித்து வந்து கொடுத்தார். மெக்சிகோ மக்கள் தம் கல்லறைகளில் குவிக்கும் பூவும் அதுவே. அதன் தாயகமும் அந்நாடுதான்.

நவம்பர் 2 மாலை, கல்லறைத் தோட்டத்தை மந்திரித்து முடிக்கும் தறுவாயில் தூறல் விழுந்தது. திறந்த மெழுகுதிரிகள் பல அவிந்தன. சிரட்டைக்குள் இருந்தவை நெடுநேரம் நின்று எரிந்தன. யாரும் தேடி வராத பழைய கல்லறைகள் ஏழெட்டு நம் தோட்டத்தின் வடமூலையில் உண்டு. அங்கும் அன்று விளக்கு இருந்தது. வைத்தது யாரென்று நாம் விசாரிக்கவில்லை. மீந்த சிரட்டைகள் அரை மூட்டை நம் இல்லத்தில் இருக்கின்றன. வேண்டுவோர் வந்து எடுத்துச் செல்லலாம்.