பட்டு நெய்யுற கையில சுத்தியல்

இந்தத் தடவை வயல் கதை இல்லை. நிலக்கடலை பிடுங்கி முடிச்சாச்சு. கொடி மாட்டுக்குப் போயிடுச்சு, காய் களத்துல காயுது. மழை வருமான்னு வானத்தைப் பார்த்துக்கிட்டே காவல் உட்கார்ந்திருக்கேன். அந்த நேரத்துல போன்ல இதைத் தட்டுறேன்.

கார் டிங்கரிங் வேலை பத்தி எழுதப் போறேன். ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிறவனுக்கு இது எதுக்குன்னு கேட்பீங்க. எங்க குடும்பத்துல ஒரு வருஷத்துக்கு மேல பேச்சு வார்த்தை நின்னு போனதே இந்த வேலையாலதான்.

எங்க ஊரு வெம்பாக்கம். வீட்டுக்காரி பொறந்தது ஆரணி. அவ தம்பி, அதாவது என் மச்சான், பட்டுத் தறி நெய்யுறவர். அவங்க அப்பாவும் தறிதான், தாத்தாவும் தறிதான். அந்த வீட்டுக்குள்ள போனா பேச்சுக்கு நடுவுல தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். மச்சானுக்கு ஒரே பையன். 2023-ல பன்னிரண்டாவது பரீட்சை எழுதிட்டு, மே மாசம் அத்தை வீட்டுக்கு லீவுக்கு வந்திருந்தான்.

அப்போ எங்கிட்ட பழைய ஆம்னி வேன் ஒண்ணு இருந்தது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. காலையில கத்திரிக்காய் மூட்டை, அப்புறம் பேத்தியை ஸ்கூல்ல விடுறது, சாயந்திரம் உர மூட்டைன்னு எல்லாத்துக்கும் அதுதான். ஒரு நாள் விடிகாலை அவனையும் ஏத்திக்கிட்டு காய் மூட்டையோட காஞ்சிபுரம் கிளம்பினேன். மாங்கால் கூட்டு ரோட்டுக்கு முன்னால, எனக்கு முன்னால போன டிப்பர் லாரி சட்டுனு நின்னுடுச்சு. நான் இடது பக்கம் ஒடிச்சேன். சின்னப் பாலத்தோட கட்டையில வண்டி மோதிடுச்சு. சாமி புண்ணியம், ரெண்டு பேருக்கும் சிராய்ப்புதான். கத்திரிக்காய்தான் ரோடு பூரா உருண்டுச்சு.

வண்டியை இழுத்துக்கிட்டுப் போய் ஒரு தகரக் கொட்டகை ஒர்க் ஷாப்புல விட்டோம். அங்க இருந்த மேஸ்திரிக்கு என்னைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். நசுங்கின இடத்துல பெயிண்ட்டைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட வெள்ளையா பட்டிதான் வந்தது. தகரத்தைக் காணோம். ஒரு விரல் கனத்துக்குப் பட்டி. அதை உளியால தட்டி எடுத்தா, கதவுக்குக் கீழ நீளமா ஓடுற பெட்டி பூரா துரு. அதுக்கு மேல ஒரு தகரத் துண்டை ஒட்டு போட்டிருக்காங்க.

"இந்த வண்டி இதுக்கு முன்னயே ஒருதரம் நல்லா அடி வாங்கியிருக்குது. எவனோ மூடி மறைச்சு வித்திருக்கான். இன்னும் கொஞ்சம் வேகமா போயிருந்தா இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் காலு போயிருக்கும்"னு சொன்னார்.

அந்தப் பக்கம் அன்னைக்கு உட்கார்ந்திருந்தவன் மச்சான் பையன். தினமும் உட்காருறவ என் பேத்தி. எனக்குக் கை நடுங்கிடுச்சு. பளபளன்னு வெள்ளை பெயிண்ட்டைப் பார்த்து ஏமாந்து வாங்கினவன் நான்தானே.

பையன் ஒண்ணும் பேசலை. அந்த ஓட்டைக்குள்ள விரலை விட்டுத் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தான்.

வேலை முடிய பத்து நாள் ஆச்சு. பத்து நாளும் பையன் அந்தக் கொட்டகையிலதான் இருந்தான். நான் போறப்ப எல்லாம் பார்ப்பேன். மேஸ்திரி தகரத்தோட பின்பக்கம் டாலியைப் பிடிப்பார். டாலின்னா உள்ளங்கைக்குள்ள அடங்குற இரும்புக் கட்டி. முன்பக்கம் சுத்தியலால தட்டுவார். ஓங்கி அடிக்கிறது கிடையாது. கொத்துமல்லி தட்டுற மாதிரி சின்னச் சின்னத் தட்டு. ஓங்கி அடிச்சா தகரம் விரிஞ்சு போயிடுமாம். அப்புறம் அமுக்கினா டொக்கு டொக்குன்னு உள்ள போய் வெளிய வருமாம். தட்டி முடிச்சதும் கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கையால நீளமாத் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும்.

பத்தாவது நாள் மேஸ்திரி என்னைத் தனியாக் கூப்பிட்டார். "இந்தப் பையன் யாரு வூட்டுப் பையன்? நான் மூணு வருஷம் சொல்லித் தந்தவனுக்கு வராத கை இவனுக்கு இருக்குதே" என்றார். நெசவுக்காரர் பையன்னு சொன்னேன். "அதான்"னு தலையை ஆட்டினார்.

பையன் அன்னைக்கு ராத்திரியே எங்கிட்ட கேட்டுட்டான். "மாமா, நான் இந்த வேலையைக் கத்துக்கட்டுமா? அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

சொன்னேன். அதுதான் நான் பண்ணின தப்புன்னு ஒரு வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். மச்சான் ஆரணியில இருந்து பஸ் ஏறி வந்து திண்ணையில நின்னுக்கிட்டே பேசினார். உட்காரக் கூட இல்லை. "இன்னா மாமா, பட்டு நெய்யுற கையில சுத்தியலைக் குடுத்துட்டீங்களே. உங்க பையனா இருந்தா அனுப்புவீங்களா? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" வீட்டுக்காரி தண்ணி எடுத்துக்கிட்டு வந்தா. குடிக்காமலே போயிட்டார். அந்தத் தீபாவளிக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. "என் தம்பி வாசல்ல நான் எப்படிப் போய் நிப்பேன்"னு அவ அழுதது இன்னும் காதுல இருக்கு.

மச்சான் கோபத்துலயும் நியாயம் உண்டு. எங்க பக்கம் டிங்கர் கொட்டகைன்னா படிப்பு ஏறாத பையனை அடிச்சுத் துரத்துற இடம். அந்த மேஸ்திரியே பதினோரு வயசுல வந்து, டீ வாங்கிக் கொடுத்து, உப்புத்தாள் தேய்ச்சு, நாலு வருஷம் கழிச்சுத்தான் சுத்தியலைத் தொட்டவர். இன்னொண்ணும் உண்டு. முப்பது வருஷம் மூக்குல ஈரக் கர்ச்சீப் கட்டிக்கிட்டு ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சவர். இப்போ பத்து அடி நடந்தா இளைக்குது. இப்போ கார்களுக்கு அடிக்கிற பெயிண்ட்ல கெட்டியாக ஊத்துற ஹார்டனர்ல ஐசோசயனேட்டுன்னு ஒரு மருந்து இருக்கு. அது நுரையீரல்ல போனா ஆஸ்துமா வரும். துணி அதைத் தடுக்காது. வெளியில இருந்து சுத்தமான காத்து குழாய் வழியா வர்ற மாஸ்க் வேணும். தகரக் கொட்டகையில அதுக்கு எங்க போறது? அதனால மேஸ்திரி முதல் நாளே ஒரு கண்டிஷன் போட்டார். "தகர வேலை எல்லாம் சொல்லித் தரேன். பெயிண்ட் கன் மட்டும் என் ஷெட்டுல தொடக் கூடாது."

இன்னொண்ணும் அவரே சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு மனசு வேணும்னு யோசிச்சுப் பாருங்க. "எனக்குத் தெரிஞ்சது பழைய வண்டி வேலை. புது வண்டிக்கு எங்கிட்ட இருந்தா பத்தாது. ஐ.டி.ஐ. போகச் சொல்லுங்க."

அவர் சொன்னது நிஜம். 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் ஓட ஆரம்பிச்சது. 2010-ல ஒரகடத்துல ரெனோ நிசான் வந்தது. எங்க பக்கத்துப் பசங்க எத்தனையோ பேர் பஸ் ஏறி கார் கம்பெனி வேலைக்குப் போறாங்க. கார் பண்ணுறதுக்கு அவ்வளவு பெரிய தொழிற்சாலை. அதே கார் அடிபட்டு வந்தா சரி பண்ணுற கை எங்க இருக்கு? 2022-ல மட்டும் நம்ம தமிழ்நாட்டுல 64,105 சாலை விபத்து. எண்ணிக்கையில இந்தியாவுலயே முதல் இடம் நமக்குத்தான். உயிர் போனது தனிக் கணக்கு. பிழைச்ச வண்டிங்க எல்லாம் ஏதோ ஒரு கொட்டகைக்குத்தான் போகுது.

புது வண்டியில சில இடத்துல போடுற இரும்பு ரொம்ப வலுவானது. பழைய பழக்கத்துல கேஸ் வெல்டிங் வச்சு அதைச் சூடு பண்ணி நிமிர்த்தினா பார்க்க நேரா இருக்கும், வலு போயிடும். அடுத்த மோதல்ல சோளத்தட்டை மாதிரி மடங்கும். எதைத் தட்டி நிமிர்த்தலாம், எதை வெட்டி எடுத்துப் புதுசு போடணும்னு கம்பெனி புத்தகத்துல இருக்கு. அதைப் படிக்கத் தெரியணும். வெல்டிங் வைக்கிறதுக்கு முன்னால பேட்டரியைக் கழட்டணும். ஏர்பேக் வயர் எங்க ஓடுதுன்னு தெரியணும். கரண்ட் கார்ல ஆரஞ்சு கலர் வயரைத் தெரியாம தொட்டா உயிருக்கே ஆபத்து.

ஐ.டி.ஐ.யில இதுக்குன்னே ரெண்டு பிரிவு இருக்கு. ஆட்டோ பாடி ரிப்பேர் ஒண்ணு, ஆட்டோ பாடி பெயிண்டிங் ஒண்ணு. ரெண்டும் ஒரு வருஷம். ஆனா எல்லா ஐ.டி.ஐ.யிலயும் கிடைக்காது. அது கிடைக்கலேன்னா வெல்டர் ஒரு வருஷம், மோட்டார் மெக்கானிக் ரெண்டு வருஷம். எதுல நுழைஞ்சாலும் அப்புறம் ஒரு நல்ல பாடி ஷாப்புல அப்ரண்டிஸ் போகலாம். அரசு ஐ.டி.ஐ.யில படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாசம் 750 ரூபாய் உதவித் தொகை உண்டு. 2024 ஆகஸ்ட்ல இருந்து அரசுப் பள்ளியில படிச்ச பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வருது. பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு இது சின்னக் காசு. எங்க வீட்டுல பஸ் செலவு போக நோட்டுப் புத்தகத்துக்கும் ஆகும்.

ஒரு வருஷம் கொட்டகையில கத்துக்கிட்டு, 2024-ல பையன் வெல்டர் பிரிவுல சேர்ந்தான். சனி ஞாயிறு மேஸ்திரிகிட்ட. அப்பவும் மச்சான் பேசலை.

அதே வருஷம் கார்த்திகை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. வீட்டுக்காரிக்கு உடம்பு முடியலை. அக்காவைப் பார்க்க மச்சான் வந்தார். திரும்பிப் போறப்ப பஸ் ஸ்டாப்புல விடுறேன்னு சொல்லி, வண்டியைக் கொட்டகைக்கு விட்டேன். எங்கன்னு அவருக்குப் புரிஞ்சிடுச்சு. இறங்கலை. வண்டியில உட்கார்ந்தபடியே பார்த்துக்கிட்டிருந்தார்.

பையன் ஒரு கார் கதவோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தான். நடுப் பள்ளத்துல தட்டப் போனான். மேஸ்திரி கையைப் பிடிச்சுட்டார். "அங்க இல்லடா. மோதினப்ப நடுப் பள்ளம் முதல்ல விழுந்துச்சு. ஓரத்து மடிப்பு கடைசியா விழுந்துச்சு. கடைசியா விழுந்ததை முதல்ல எடு. அப்படியே பின்னால போ. இல்லேன்னா தகரம் சிக்கிக்கும்."

மச்சான் வண்டியை விட்டு இறங்கிட்டார். நேரா மேஸ்திரிகிட்ட போய், "நூல் சிக்கு எடுக்குறதும் இப்படித்தாங்க. கடைசி முடிச்சைத்தான் முதல்ல அவிழ்க்கணும். நடுவுல பிடிச்சு இழுத்தா பாவே போச்சு"ன்னார். மேஸ்திரி சிரிச்சார். பையன் தலை நிமிரலை. ஓரத்துல தட்ட ஆரம்பிச்சான். மச்சான் கிட்டப் போய் அந்தக் கதவை உள்ளங்கையால ஒருதரம் தடவிப் பார்த்தார். "இங்க இன்னும் மேடா இருக்குது பாரு"ன்னு ஒரு இடத்தைக் காட்டினார். பையன் தொட்டுப் பார்த்தான். மேடுதான்.

அவ்வளவுதான் பேசினாங்க. எனக்கு அதுவே போதும்னு இருந்தது.

பஸ்சுக்குக் காத்திருக்கும்போது மச்சான் சொன்னதை மட்டும் உங்ககிட்ட சொல்லணும். "மாமா, நான் தப்பா நெஞ்சா புடவையைப் பிரிச்ச உடனே தெரிஞ்சிடும். முதலாளி கூலியைப் பிடிச்சுக்குவான். இவன் தப்பு பண்ணினா மேல பெயிண்ட் அடிச்சு மூடிடலாம், யாருக்கும் தெரியாது. அதான் எனக்குப் பயமா இருக்குது." நான் பதில் சொல்லலை. அந்தப் பயம் பையனுக்கும் இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேன். எங்க ஆம்னியோட ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பார்த்தவன். இருக்கும்.

இப்போ அவன் சென்னைப் பக்கம் ஒரு பாடி ஷாப்புல அப்ரண்டிஸ். பெயிண்ட் பூத்துக்குள்ள காத்துக் குழாய் மாஸ்க் போட்ட போட்டோ அனுப்பியிருந்தான். அதை மேஸ்திரிகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, இருமிக்கிட்டே போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பழைய கார் வாங்கப் போற பட்டணத்து நண்பர்களுக்கு ஒரு விஷயம். சின்னக் காந்தத்தை மெல்லிசு துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போங்க. கதவு, கதவுக்குக் கீழ், தூண், மேல் தகடு எல்லாத்துலயும் வச்சுப் பாருங்க. ஒரு இடத்துல பிடிச்சு இன்னொரு இடத்துல நழுவி விழுந்தா, அங்க பட்டி கனமா இருக்குன்னு அர்த்தம். பம்பர் பிளாஸ்டிக், அதுல ஒட்டாது, பயப்பட வேண்டாம். உங்க வண்டி அடிபட்டா, பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னால ஒருதரம் போய் நேர்ல பாருங்க. நல்ல டிங்கர் காட்டுறதுக்குத் தயங்க மாட்டார். அவர் கேட்கிற கூலியில பேரம் பேசுறதுக்கு முன்னால அந்தக் கையையும் ஒருதரம் பாருங்க.

வானம் கறுக்குது. காயை அள்ளணும். அடுத்த வாரம் விலை என்ன கிடைச்சதுன்னு எழுதறேன்.