சர்வரின் மூட்டுகள்

லினக்ஸ் இயந்திரத்தில் வெப் சர்வருக்கான மென்பொருள்களை நிறுவுவதுதான் இந்தத் தொழிலிலேயே ஆக எளிய வேலை. டெபியனில் ஒரே ஒரு வரி. என்ஜின்எக்ஸ், பிஎச்பி, மரியாடிபி மூன்றும் வந்து இறங்கிவிடும். கையில் இருக்கும் டீ ஆறியிருக்காது. கற்றுக்கொள்ள வரும் பையன்கள் அந்த வரியை மனப்பாடம் செய்துவிட்டு, "சர்வர் போடத் தெரியும் அண்ணே" என்பார்கள். நான் மறுப்பதில்லை. "தளம் திறக்கலன்னா முதல்ல எதைத் தம்பி சந்தேகப்படுவ?" என்று மட்டும் கேட்பேன். "எல்லாத்தையும் ரீஸ்டார்ட் பண்ணிப் பாப்பேன்" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில்.

தனித்தனியாக எடுத்துக்கொண்டால் இந்த மென்பொருள்கள் பழுதாவது அபூர்வம். ஒன்றோடு ஒன்று சேரும் மூட்டில்தான் நோவு. அதற்குக் காரணம் அவை பிறந்த விதத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர், அவர் வேலையை விட்டுப் போனதும் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அவரவர் செய்து வைத்திருந்த திருத்தங்களைத் தொகுத்து 1995-ல் அப்பாச்சி ஆக்கினார்கள். ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதிய சிறு நிரல்கள் பிஎச்பி ஆயின. ஸ்வீடனில் மைக்கேல் விடேனியஸும் கூட்டாளிகளும் மைஎஸ்க்யூஎல் செய்தார்கள். அது சன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, 2010-ல் ஆரக்கிள் கைக்குப் போவதற்குள் விடேனியஸ் தனியே பிரித்துக்கொண்டு வந்த கிளைதான் மரியாடிபி. அவருடைய ஒரு மகள் பெயர் மை, இன்னொரு மகள் பெயர் மரியா. ராம்ப்ளர் என்ற ரஷ்யத் தளத்தின் நெரிசலைச் சமாளிக்க ஈகோர் சிசோயெவ் எழுதி, 2004-ல் பொதுவில் விட்டது என்ஜின்எக்ஸ். யாரும் யாரையும் கலந்துகொண்டு செய்யவில்லை. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி நான்கையும் ஒரு குடும்பமாக்கி 'லேம்ப்' என்று பெயர் வைத்தவர்கூட இவற்றைச் செய்தவர் அல்லர். 1998-ல் ஒரு ஜெர்மன் கணினி இதழில் எழுதிய மைக்கேல் குன்ஸெ. ஆகவே மூட்டுக்கு யாரும் பொறுப்பில்லை, சர்வர் போடுகிறவனைத் தவிர.

அதனால் நான் கீழிருந்து மேலே ஏறுவேன். ஒரு மூட்டு பிடித்துக்கொண்டது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தது. முதலில் ஃபயர்வால். 22-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அதை முடுக்க வேண்டும். வரிசை மாறினால் நம் வீட்டுக்குள் நாமே போக முடியாது. பிறகு என்ஜின்எக்ஸ் மட்டும். இயந்திரத்துக்கு உள்ளிருந்தே அதன் முகப்புப் பக்கத்தைக் கேட்டுப் பார்ப்பேன்; அடுத்து வெளியிலிருந்து, அதுவும் அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில். உள்ளே வந்து வெளியே வராவிட்டால் என்ஜின்எக்ஸைத் தொடவே வேண்டாம். கிளவுடில் எடுத்த இயந்திரத்துக்குப் பெரும்பாலும் இரண்டு காவல்: ஒன்று இயந்திரத்துக்குள், இன்னொன்று வாடகைக்குக் கொடுத்தவரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில். முதலாவதைத் திறந்துவிட்டு இரண்டாவதை மறந்தவர்கள் கான்ஃபிக் ஃபைலைப் பிடித்துக்கொண்டு பாதி ராத்திரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பெர்மிஷன். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளை வழக்கமாக ரூட் மட்டுமே பிடிக்கலாம். 80, 443 இரண்டும் அதற்குக் கீழே. எனவே என்ஜின்எக்ஸின் தலைமைப் பிராசஸ் ரூட்டாக எழுந்து போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, உண்மையான வேலையை டெபியனில் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற அதிகாரமில்லாத பயனரின் பெயரில் ஓடும் பிராசஸ்களிடம் கொடுத்துவிடும். அந்த ஏழைப் பயனர்தான் உங்கள் ஃபைலைத் திறந்து படிக்க வேண்டியவர். ஃபைலுக்கு அனுமதி இருந்தால் போதாது. அதற்குப் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய அனுமதி வேண்டும். உபுண்டு 21.04-லிருந்து புதுப் பயனரின் ஹோம் ஃபோல்டர் வெளியாருக்கு மூடியே பிறக்கிறது. தளத்தை அதற்குள் வைத்தால் 403. கடைசி ஃபைலின் பெர்மிஷனை எவ்வளவு மாற்றினாலும் 403-தான், ஏனென்றால் கதவு மூன்று ஃபோல்டருக்கு முன்னாலேயே சாத்தியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் பையன்கள், "அண்ணே, ஏழு ஏழு ஏழு போட்டுடலாமா?" என்பார்கள். போட்டால் தளம் திறந்துவிடும், அதுதான் ஆபத்து. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்ட ஃபோல்டரில், ஓட்டையுள்ள ஒரு பிளகின் வழியாக எவனோ ஒரு பிஎச்பி ஃபைலை இறக்கிவிட்டால் அன்றிலிருந்து தளம் அவனுடையது. என் ஏற்பாடு இது: நிரல்கள் ஒரு தனிப் பயனர் பெயரில் இருக்கும்; வெப் சர்வர் படிக்கலாம், எழுத முடியாது. படங்கள் ஏறும் ஃபோல்டர் ஒன்றில் மட்டும் எழுதலாம். அந்த ஃபோல்டரில் பிஎச்பி ஓடாது. இப்படி இறுக்கினால் வேர்ட்பிரஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள முடியாது, யாராவது கட்டளை கொடுத்துச் செய்ய வேண்டும். அதைச் செய்ய ஆளில்லாத இடத்தில் என் இறுக்கமே கெடுதல்; புதுப்பிக்காத வேர்ட்பிரஸைவிட, தானே எழுதிக்கொள்ளும் வேர்ட்பிரஸ் மேல். அங்கே தளர்த்திவிடுவேன். இந்தத் தொழிலில் பாதுகாப்பு என்பது பாதி, நாளைக்கு யார் கையில் இது இருக்கும் என்ற கணக்கு.

என்ஜின்எக்ஸுக்கு பிஎச்பி தெரியாது. பிஎச்பி-எஃப்பிஎம் என்ற தனிப் பிராசஸிடம் கேட்டு வாங்கித் தரும். இருவரும் பேசிக்கொள்வது ஒரு சாக்கெட் ஃபைல் வழியாக; அந்த ஃபைலின் பெயரிலேயே பிஎச்பியின் பதிப்பு எண் ஒட்டிக்கொண்டிருக்கும். டெபியன் 12-ல் 8.2, 13-க்கு ஏற்றினால் 8.4. இயந்திரம் ஏறிவிடும், என்ஜின்எக்ஸின் கான்ஃபிக் பழைய பெயரையே தேடிக்கொண்டு நிற்கும். திரையில் 502. எண்கள் உண்மையில் நல்ல சாட்சிகள், கேட்கத்தான் ஆள் வேண்டும். 502 என்றால் மறுமுனையில் ஆளில்லை அல்லது உளறுகிறது. 504 என்றால் ஆள் இருக்கிறது, பதில் வரத் தாமதம் (என்ஜின்எக்ஸ் சாதாரணமாக 60 வினாடி பொறுக்கும்). 500 என்றால் மூட்டு சரி, பிஎச்பிக்குள்ளேயே விழுந்துவிட்டது. மூன்றுக்கும் லாகில் விழும் வரி வேறு வேறு. லாகைத் திறக்காமல் ரீஸ்டார்ட் செய்கிறவனுக்கு மூன்றும் ஒன்றுதான்.

டேட்டாபேஸ் மூட்டில் ஒரு வேடிக்கை. 'லோக்கல்ஹோஸ்ட்' என்பதும் 127.0.0.1 என்பதும் ஒரே இடம் என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். மைஎஸ்க்யூஎலுக்கும் மரியாடிபிக்கும் அப்படியில்லை: முதலாவதைச் சொன்னால் சாக்கெட் ஃபைல் வழியே போகும், இரண்டாவதைச் சொன்னால் 3306-ஆம் போர்ட் வழியே போகும். ஒன்றில் உள்ளே விட்டு மற்றதில் தடுப்பது சகஜம். கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

இதெல்லாம் எந்த ஊரிலும் உள்ள கதை. தமிழ்த் தளம் வைப்பவர்களுக்கென்றே தனியாக ஒரு நோவு உண்டு. மைஎஸ்க்யூஎல் 5.7 வரைக்கும், எதுவும் சொல்லாமல் விட்டால், எழுத்துகளை லத்தீன்-1 என்றே எடுத்துக்கொள்ளும். அகரவரிசைகூட ஸ்வீடிஷ் வரிசை, பிறந்த ஊர்ப் பாசம். 2018-ல் வந்த 8.0-தான் யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன்பு போட்ட பல தளங்களில் பிஎச்பி யூடிஎஃப்-8 பைட்டுகளை அனுப்பும், இணைப்போ இவை லத்தீன் என்று சொல்லிவிடும். யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'தமிழ்' என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி, பதினைந்து பைட். டேட்டாபேஸ் அதைப் பதினைந்து ஐரோப்பிய எழுத்தாக எண்ணிச் சேமிக்கும். திரும்பக் கேட்கும்போதும் அதே பொய்யைச் சொல்லி அதே பைட்டுகளைக் கொடுப்பதால் தளத்தில் தமிழ் அழகாகத் தெரியும். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியாகிவிடும். வருடக் கணக்கில் யாருக்கும் தெரியாது. 255 எழுத்து கொள்ளும் தலைப்புப் பத்தியில் 85 தமிழ்க் குறிகளோடு வெட்டுப்படுவது ஒன்றுதான் அறிகுறி. தலைப்பு நீளம் என்று ஆசிரியர் சுருக்கிக்கொண்டு போய்விடுவார்.

வேறு சர்வருக்கு மாற்றும் நாளில் சாயம் வெளுத்துவிடும். பத்து வருடக் கட்டுரைகள் முழுக்க, மேலே கீறலிட்ட ஓர் ஏ-யும் வட்டத்துக்குள் அடைபட்ட ஓர் ஆர்-உமாக நிரம்பி நிற்கும். அந்த ஜோடியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு நிம்மதிதான் வரும், ஏனென்றால் பைட்டுகள் சாகவில்லை. பழைய சர்வரிலிருந்து எடுக்கும்போது லத்தீன் என்றே பொய் சொல்லி எடுக்க வேண்டும். எடுத்த ஃபைலின் தலையிலும் டேபிள் வரையறைகளிலும் உள்ள லத்தீனை யூடிஎஃப்-8 என்று திருத்தி, புதியதில் ஏற்ற வேண்டும். தமிழ் திரும்பிவிடும். ஆனால் கேள்விக்குறிகளாக வந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. அங்கே எழுத்துகள் மாற்றப்படவில்லை, தூக்கியெறியப்பட்டுவிட்டன. பேக்கப்பைத் தேட வேண்டியதுதான்.

மைஎஸ்க்யூஎலில் 'யூடிஎஃப்8' என்ற பெயரில் இருந்ததும் முழு யூடிஎஃப்-8 அல்ல. மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழுக்கு அது போதும் என்பதால் நம்மவர்கள் பல காலம் கவனிக்கவில்லை. கட்டுரை நடுவே யாரோ நான்கு பைட் எமோஜி ஒன்றைப் போட்டதும், கண்டிப்பில்லாத அமைப்பில், அந்த இடத்துக்குப் பிறகு இருந்ததெல்லாம் சேமிக்கப்படாமலே போனது. இப்போது 'யூடிஎஃப்8எம்பி4' என்று எழுதிவிட்டுத்தான் டேபிளே உருவாக்குவேன்.

முகவரியிலும் ஒரு கத்தி இருக்கிறது. தமிழ் முகவரியில் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியீட்டில் ஒன்பது எழுத்தாகப் பெருகும். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிக்கு ஒதுக்கும் இடம் 200. கணக்குப் போட்டால் 22 குறி; மூன்று சொல் தாண்டாது. நீண்ட தலைப்பு நடுச்சொல்லில் அறுபட்டு, சில நேரம் பொருளே மாறி நிற்கும். ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னால், "நம்ம பத்திரிகைக்கு நம்ம எழுத்துல முகவரி இருக்க வேண்டாமா சார்?" என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான். தமிழிலேயே வையுங்கள், முகவரியை மட்டும் இரண்டு சொல்லில் கையால் எழுதுங்கள் என்பேன்.

நினைவகம் இன்னொரு கணக்கு. சிறிய இதழுக்கு ஒரு ஜிபி இயந்திரம்தான் கட்டுப்படியாகும். பிஎச்பி பிராசஸ் ஒன்று 60 எம்பி தின்றால், பத்து பிராசஸுக்கு 600. மரியாடிபி சும்மா இருக்கும்போதே தனக்கென்று 128 எம்பி தாங்கல் வைத்துக்கொள்ளும். இந்தக் கூட்டலைச் செய்யாமல், வேகத்துக்கென்று பிராசஸ் எண்ணிக்கையை ஐம்பதாக ஏற்றி வைப்பவர்கள் உண்டு. கட்டுரை ஒன்று வாட்ஸ்அப்பில் பரவும் மாலையில் நினைவகம் தீர்ந்து, கெர்னல் ஆளைக் கொல்லக் கிளம்பும். அது பார்ப்பது யார் அதிகம் வைத்திருக்கிறார் என்பதை; தனியொரு பிராசஸாகப் பெருத்திருப்பது பெரும்பாலும் டேட்டாபேஸ். திரையில் டேட்டாபேஸ் இணைப்பு இல்லை என்று வரும். எல்லோரும் டேட்டாபேஸைத் திட்டுவார்கள். தின்றது பிஎச்பி, செத்தது மரியாடிபி. கூட்டத்தைக் கொஞ்சம் காக்க வைப்பது தளத்தைச் சாகவிடுவதைவிட மேல் என்பதால் எண்ணிக்கையைக் குறைவாகவே வைப்பேன்.

ஒப்படைக்கும் முன் இயந்திரத்தை முழுதாக அணைத்து எழுப்புவேன். கையால் தொடங்கி வைத்த சேவை ஓடிக்கொண்டுதான் இருக்கும். இயந்திரம் எழும்போது தானே எழச் சொல்லியிருக்கிறோமா என்பது எழுப்பினால்தான் தெரியும். தளம் வெளியாகிவிட்ட பிறகு இந்தச் சோதனைக்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

மிச்சம், எச்டிடிபிஎஸ்-க்கான சான்றிதழ். 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் எல்லோருக்கும் திறந்துவிட்டதிலிருந்து அதற்குக் காசில்லை, ஆனால் ஆயுள் 90 நாள். அதை வாங்கித் தரும் நிரலான சர்ட்பாட் ஒரு மாதம் மீதம் இருக்கும்போதே புதுப்பிக்க முயலும், அதாவது ஒப்படைத்து இரண்டு மாதம் கழித்துத்தான் முதல் சோதனை. இடையில் யாராவது 80-ஆம் போர்ட்டை மூடியிருப்பார்கள். அல்லது சான்றிதழ் புதிதாக வந்திருக்கும், என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யச் சொல்லாததால் அது பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். முன்பு காலாவதி நெருங்கினால் மின்னஞ்சல் வரும். அதையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். எனவே ஒப்படைக்கும் அன்றே அந்த 60-ஆம் நாளை என் போனில் குறித்துக்கொள்கிறேன். காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்களுக்கும் ஆயுள் படிப்படியாகக் குறைகிறது. பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குபவர்களும் எடுத்த முடிவின்படி 2029 மார்ச்சில் அது 47 நாளாகிவிடும். வருடத்துக்கு ஒரு முறை என்னைக் கூப்பிட்டுக் கையால் மாற்றச் சொல்கிற அலுவலகங்கள் இன்னும் சில இருக்கின்றன. அவர்களுக்கு இப்போதிருந்தே போன் செய்யத் தொடங்கியிருக்கிறேன். "அதுக்கு இன்னும் நாள் இருக்கே சார்" என்கிறார்கள்.